வாசலில் நின்று அழைத்தவர்கள்

கட்டற்ற மென்பொருளின் கதை – 17

கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தைச் சென்ற பகுதியில் பார்த்தோம். கல்லூரி மாணவர் ஒருவர் கோடை விடுமுறையில் ஒரு கட்டற்ற மென்பொருளுக்காக வேலை செய்வார். அந்த மென்பொருளை உருவாக்குபவர்களில் ஒருவர் அவருக்கு வழிகாட்டுவார். அந்த ஆண்டுகளில் வேலையை முடித்த மாணவருக்கு 4,500 டாலர், வழிகாட்டிய அமைப்புக்கு 500 டாலர் கிடைத்தது. திட்டத்தின் இரண்டாம் ஆண்டான 2006இல், லினக்ஸ் கணினிகளின் திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்களுடையது இல்லை. அதே ஆண்டு, ஹன்னா வாலக், கிறிஸ் பால் என்ற இரண்டு க்னோம் தன்னார்வலர்கள் பெண்களுக்கென்று தனியாக ஓர் அழைப்பு விடுத்தார்கள். உதவித்தொகை 3,000 டாலர்தான். இடங்களோ மிகச் சில. அந்த அழைப்புக்கு 100 விண்ணப்பங்கள் வந்தன.

ஒரே மென்பொருள், ஒரே ஆண்டு, குறைந்த பணம். ஒரு வாசலுக்கு ஒருவரும் வரவில்லை, இன்னொரு வாசலுக்கு நூறு பேர் வந்தார்கள். இந்த வேறுபாட்டை விளக்காமல் கட்டற்ற மென்பொருளின் வரலாறு முழுமை பெறாது. உரிமங்களை எழுதியவர்களையும் நிரல் எழுதியவர்களையும் இதுவரை விரிவாகப் பார்த்துவிட்டோம். அவர்களுக்குத் தரும் அதே இடத்தை, புதியவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கான ஏற்பாடுகளை உருவாக்கியவர்களுக்கும் தர வேண்டும் என்பது என் வாதம். மூலநிரலை எல்லோரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உரிமம் சொல்கிறது. திருத்தியதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, யாரிடம் சந்தேகம் கேட்பது, கேட்டால் யார் பதில் சொல்வார் என்பதெல்லாம் உரிமத்தில் இல்லை. அவற்றுக்கு விடை சொல்ல மனிதர்கள் வேண்டும். அந்த மனிதர்களின் உழைப்பை யாராவது ஒழுங்குபடுத்த வேண்டும். 1999 முதல் 2015 வரையிலான நிகழ்வுகள் இதைத்தான் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன.

தானாக வருவார்கள் என்ற நம்பிக்கை

1990களில் ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் சேர்வதற்கு எழுதப்பட்ட வழி எதுவும் பெரும்பாலும் இருக்கவில்லை. ஒருவர் ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவார், ஒரு குறை அவரை உறுத்தும், மூலநிரலைத் தோண்டிப் பார்த்துத் திருத்துவார், திருத்தத்தை ஆசிரியருக்கு அனுப்புவார், அது ஏற்கப்பட்டால் அவரும் ஒரு பங்களிப்பாளர். எரிக் ரேமண்ட் 1997இல் வாசித்த புகழ்பெற்ற கட்டுரை இந்தப் பாதையைத்தான் இயல்பான பாதையாகச் சித்திரித்தது. தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்ளப் புறப்படுபவர்களால்தான் நல்ல மென்பொருள் பிறக்கிறது என்பது அதன் அடிப்படை. 2001இல் அதே ரேமண்ட், கேள்விகளை எப்படிப் புத்திசாலித்தனமாகக் கேட்பது என்று ஒரு நீண்ட கையேட்டை வெளியிட்டார். கேட்கும் முன் தேடு, ஆவணங்களைப் படி, முயன்று பார், பிறகு கேள் என்பது அதன் சாரம். அறிவுரையில் தவறில்லை. ஆனால் சேர்வதற்கான பொறுப்பு முழுவதையும் அது வருகிறவர் தலையில் வைத்தது. உள்ளே இருப்பவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு என்று அந்தத் தலைமுறையின் பொதுப்புத்தி பெரிதாக எண்ணவில்லை.

அந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணமும் இருந்தது. வேலை நடந்துகொண்டிருந்தது, ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1997 ஜூனில் வெளிவந்த அதன் 1.3ஆம் பதிப்பில் 974 மென்பொருள் பொதிகள் இருந்தன, அவற்றைப் பராமரித்தவர்கள் சுமார் 200 பேர். 1998 ஜூலையில் வெளிவந்த 2.0ஆம் பதிப்பில் பொதிகள் 1,500ஐத் தாண்டின, பராமரிப்பாளர்கள் 400ஐத் தாண்டினார்கள். ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் ஆள்பலம் இரட்டிப்பானது. ஒருவரும் அழைக்காமலேயே இத்தனை பேர் வரும்போது, அழைப்பதற்கென்று ஓர் ஏற்பாடு எதற்கு என்று எண்ணுவது மனித இயல்பு.

டெபியன் கதவை மூடியபோது

1999 அக்டோபரில் அந்த இயல்பான பாதை நின்றுபோனது. டெபியன் புதிய பராமரிப்பாளர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டமாக இருந்தவரை, புதியவர் நம்பத்தக்கவரா என்பதை ஓரிருவர் பேசியே தீர்மானித்துவிட முடிந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்த பின் அது முடியவில்லை. டெபியனில் பராமரிப்பாளர் ஆகும் ஒருவர் ஏற்றுகிற நிரல், உலகெங்கும் உள்ள கணினிகளில் முழு அதிகாரத்தோடு நிறுவப்படும். ஆகவே யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி பாதுகாப்புக் கேள்வியும்கூட. விண்ணப்பங்களைக் கவனித்த சிலரோ தாங்க முடியாத சுமையில் இருந்தார்கள். விஷெர்ட் அக்கர்மான் தலைவராக இருந்த அந்தக் காலத்தில், சுமார் ஆறு மாதம் கதவு மூடியே கிடந்தது. 2000 ஏப்ரலில் திறந்தபோது, சேர்க்கை முறை முழுவதும் எழுதி வகுக்கப்பட்டிருந்தது.

அந்த முறையை உற்றுப் பார்ப்பது பயனுள்ளது. புதியவருக்காகப் பரிந்துரைக்க ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் வேண்டும். புதியவரின் மின்குறியீட்டுச் சாவியில் உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்து அடையாளம் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பிறகு, விண்ணப்ப மேலாளர் என்ற பெயரில் ஒரு குறிப்பிட்ட நபர் அவருக்கென ஒதுக்கப்படுவார். கட்டற்ற மென்பொருளின் கொள்கைகள், டெபியனின் நடைமுறைகள், தொழில்நுட்பத் திறன் ஆகியவற்றை அந்த மேலாளர் கேள்வி கேட்டுச் சோதிப்பார். விடை தெரியாதபோது எங்கே படிக்கலாம் என்றும் காட்டுவார். புதியவரைக் கவனிப்பது என்பது இங்கே ஒரு பதவியாக, ஒரு பெயர் ஒட்டிய பொறுப்பாக மாறியது. முன்பு எல்லோருடைய வேலையாகவும் இருந்ததால் ஒருவருடைய வேலையாகவும் இல்லாமல் போனது, இப்போது இன்னாருடைய வேலை ஆயிற்று.

ஆனால் டெபியன் உருவாக்கியது முதன்மையாக ஒரு சோதனைச்சாவடி. வந்து நிற்பவரைச் சரிபார்த்து உள்ளே விடுவது அதன் நோக்கம். வராதவரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அந்தக் குறையை அங்கிருந்தவர்களே உணர்ந்தார்கள். 2004இல் டெபியன் பெண்கள் குழு உருவானது. பெண்களுக்கு டெபியனின் வேலைமுறைகளைக் கற்றுத்தரவும், முதல் பொதியை உருவாக்க உதவவும், மட்டமான பேச்சை எதிர்கொள்ளும்போது பக்கத்தில் நிற்கவும் அது முன்வந்தது. சேர்க்கை முறை ஒன்று இருப்பதும், அந்த முறையை நோக்கிப் புதியவர்கள் நடந்து வருவதற்கு ஒரு வழி இருப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை டெபியனின் இந்த ஐந்தாண்டுகள் தெளிவாக்கின.

நூறு விண்ணப்பங்கள் சொன்னவை

2006இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியில் நடந்த ஃப்ளாஸ்போல்ஸ் ஆய்வு, கட்டற்ற மென்பொருள் உலகில் பெண்களின் பங்கு சுமார் 1.5 சதவீதம் என்று கணித்தது. நிறுவனங்கள் விற்கும் மூடிய மென்பொருள்களின் உருவாக்கத்தில் அது ஏறத்தாழ 28 சதவீதமாக இருந்தது. பெண்களுக்குக் கணினியில் நாட்டமில்லை என்ற பழைய விளக்கம் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்ததுமே நொறுங்கிவிடுகிறது. நாட்டமில்லாதவர்கள் அந்த 28 சதவீதத்துக்கு எங்கிருந்து வந்தார்கள்? சம்பளம் தரும் அலுவலகத்தில் நிரல் எழுதும் பெண்கள், எல்லோருக்கும் திறந்திருப்பதாகச் சொல்லப்பட்ட இடத்துக்கு வரவில்லை என்றால், காரணத்தை அந்த இடத்தில்தான் தேட வேண்டும்.

ஹன்னா வாலக்கும் கிறிஸ் பாலும் செய்தது இந்தத் தேடல்தான். அவர்களுடைய திட்டத்தில் கூகுளும் பணம் போட்டது, கடைசியில் ஆறு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இந்தச் சோதனையை அறிவியல் ஆய்வகத்தின் அளவுகோலில் வைத்தால் குறைகள் சொல்லலாம். பெண்கள் மட்டுமே போட்டியிடும் இடத்தில் வெற்றி வாய்ப்பு கூடுதல் என்று பலர் கணக்கிட்டிருக்கக்கூடும். அறிவிப்பு போய்ச் சேர்ந்த இடங்களும் வேறாக இருந்திருக்கும். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டுமே என் வாதத்துக்கு வலுச்சேர்க்கின்றன. இங்கே எனக்கு வாய்ப்பு உண்டு என்று ஒருவரை எண்ண வைப்பதும், செய்தி போய்ச் சேராத இடத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் அழைப்பது என்ற வேலை. பணம் காரணமென்றால் 4,500 டாலர் தந்த வாசலில்தான் கூட்டம் இருந்திருக்க வேண்டும். திறமைப் பற்றாக்குறை காரணமென்றால் எந்த வாசலுக்கும் நூறு விண்ணப்பங்கள் வந்திருக்காது.

அப்படியும் அந்தத் திட்டம் அடுத்த ஆண்டு தொடரவில்லை. 2007, 2008, 2009 என்று மூன்று கோடைகள் கடந்தன. க்னோம் திட்டத்தில் நல்லெண்ணம் குறைந்துவிட்டது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. புதியவர்களுக்கு உதவுவதற்கென்று க்னோம் லவ் என்ற முயற்சி அங்கே பல ஆண்டுகளாக இருந்தது, எளிய வழுக்களுக்கு அடையாளம் இட்டுவைக்கும் வழக்கமும் இருந்தது. இல்லாதது, ஆண்டுதோறும் இந்த வேலையைத் தன் வேலையென்று எடுத்துச் செய்யும் ஓர் அமைப்பு. இரண்டு பேரின் முன்முயற்சியில் எழுந்த ஒன்றை, அவர்களுக்குப் பிறகும் நடத்திச்செல்ல எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

மரினா வகுத்த முறை

அந்த அமைப்பை உருவாக்கியவர் மரினா ஜூராகின்ஸ்கயா. ரெட் ஹேட் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவர், க்னோம் ஷெல் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். க்னோம் அறக்கட்டளையின் ஆதரவோடு 2010இல் பெண்களுக்கான திட்டத்தை மறுபடி தொடங்கினார். 2010 டிசம்பர் முதல் 2011 மார்ச் வரை நடந்த முதல் சுற்றில் எட்டுப் பேர் பங்கேற்றார்கள். எட்டு என்பது சிறிய எண். ஆனால் இந்தத் தடவை திட்டத்தின் அடித்தளமே வேறு. அதில் மூன்று முடிவுகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

முதலாவது, விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் தேர்வுக்கு முன்பே அந்த மென்பொருளுக்கு ஒரு சிறு பங்களிப்பைச் செய்ய வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இது கூடுதல் தடை. நடைமுறையில் இதுதான் திட்டத்தின் உயிர்நாடி. மூலநிரலை இறக்கித் தன் கணினியில் இயக்குவது, ஒரு சிறு வழுவைத் திருத்துவது, திருத்தத்தை அனுப்புவது, மூத்தவர் சொல்லும் குறையைக் கேட்டு மாற்றி அனுப்புவது ஆகிய எல்லாவற்றையும் விண்ணப்பதாரர் ஒரு வழிகாட்டியின் துணையோடு செய்து முடித்திருப்பார். தேர்வு பெறாதவருக்கும் அந்த அனுபவம் கையில் இருக்கும். தேர்ந்தெடுப்பவருக்கோ, கல்லூரியின் பெயரையும் மதிப்பெண்ணையும் விட நம்பகமான சான்று கிடைக்கும். இரண்டாவது, வழிகாட்டி யார் என்பது பெயரோடு முன்கூட்டியே தெரியும். யாரிடமாவது கேள் என்ற நிலை போய், இவரிடம் கேள் என்ற நிலை வந்தது. மூன்றாவது, மாணவர்கள் மட்டும் என்ற வரையறை நீக்கப்பட்டது, நிரல் மட்டும் என்ற வரையறையும் நீக்கப்பட்டது. ஆவணம் எழுதுவோர், வடிவமைப்போர், படிப்பை விட்டுச் சில ஆண்டுகள் குடும்பத்தைக் கவனித்துவிட்டுத் திரும்புவோர் என எல்லோரும் வரலாம். ஆண்டுக்கு இரண்டு சுற்றுகள் என்று வைத்ததால், டிசம்பரில் கோடை விடுமுறை வரும் தென்கோள நாட்டினருக்கும் இடம் கிடைத்தது. கூகுளின் திட்டம் மாணவர் அல்லாத புதியவர்களுக்கும் கதவைத் திறந்தது 2022இல்தான்.

பெயரிட்ட வழிகாட்டி ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் அனுபவம் தெளிவான விடை தருகிறது. அங்கே, புதியவர்களுக்கு ஏற்றவை என்று குறிக்கப்படும் வழுக்களோடு, உதவப் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரையும் சேர்த்து எழுதும் பழக்கம் 2010களின் தொடக்கத்தில் வேரூன்றியது. அதே காலத்தில் மொசில்லா தன் பங்களிப்பாளர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தது. முதல் திருத்தத்துக்கு 48 மணி நேரத்துக்குள் மறுமொழி கிடைத்தவர்கள் பெரும் அளவில் திரும்பி வந்தார்கள். ஏழு நாளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தவர்கள் ஏறத்தாழ எவருமே திரும்பி வரவில்லை. திறமை அதேதான், மென்பொருளும் அதேதான். பதில் வந்த வேகம் அவர்களுடைய எதிர்காலத்தை மாற்றியது. இரண்டு நாளுக்குள் பதில் சொல்வது நல்ல மனம் இருந்தால் மட்டும் நடந்துவிடாது. யார் எந்த நாளில் பார்ப்பது, அவர் ஊருக்குப் போனால் வேறு யார் பார்ப்பது என்று யாராவது பங்கு பிரித்து வைத்தால்தான் நடக்கும்.

நல்லெண்ணத்துக்கும் கணக்குப் புத்தகம் வேண்டும்

திட்டம் வளர்ந்தது. 2012இல் க்னோமுக்கு வெளியே உள்ள அமைப்புகளும் சேரத் தொடங்கின. 2013இல் லினக்ஸ் கருநிரல் சேர்ந்தது. கடுமையான பேச்சுக்கும் கறாரான நிரல் மதிப்பாய்வுக்கும் பெயர்பெற்ற அந்தத் திட்டத்தில், முதல் திருத்தத்தை எப்படி அனுப்புவது என்று படிப்படியாக விளக்கும் பாடம் எழுதப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்காகத் தரும் 2013ஆம் ஆண்டின் விருது, க்னோமின் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

விருதை 2014 மார்ச்சில் கொடுத்தார்கள். அடுத்த மாதமே க்னோம் அறக்கட்டளை, அத்தியாவசியமற்ற செலவுகள் அனைத்தையும் நிறுத்திவைப்பதாக அறிவிக்க வேண்டிவந்தது. பல அமைப்புகளின் பயிற்சியாளர்களுக்கும் உதவித்தொகையை உரிய நாளில் க்னோம் அறக்கட்டளையே கொடுத்துக்கொண்டிருந்தது. ஆதரவாளர்கள் தருவதாகச் சொன்ன பணம் வந்துசேரத் தாமதமானது. இடையில் கையிருப்பு கரைந்தது. மோசடி எதுவும் இல்லை, பணம் பின்னர் வசூலாகி நிலைமையும் சீரானது. ஆனால் ஒரு சிறிய அறக்கட்டளையின் கணக்கு வேலை, திட்டத்தின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. 2015இல் திட்டம் அவுட்ரீச்சி என்ற புதிய பெயரோடு சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்புக்கு மாறியது. முன்பு க்னோம் அறக்கட்டளையின் செயல் இயக்குநராக இருந்த கேரன் சாண்ட்லர் அப்போது கன்சர்வன்சியை நடத்திவந்தார். பல திட்டங்களுக்குக் கணக்கு, ஒப்பந்தம், சட்டம் ஆகியவற்றைக் கவனிப்பதே அந்த அமைப்பின் தொழில். மரினா 2022இல் காலமானார், அவர் தொடங்கிவைத்த திட்டமோ நின்றுவிடவில்லை. 2006இன் முயற்சி ஓராண்டோடு நின்றதையும் 2010இன் முயற்சி தொடங்கியவரையும் தாண்டி நிலைத்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீது எழுதுவதும் வசூலைத் துரத்துவதும் வழிகாட்டலின் பகுதிதான் என்பது அப்போது புரியும்.

பணமில்லாமல் நடந்தவை

இவ்வளவு பெரிய அமைப்பும் டாலரும் இருந்தால்தான் முடியுமா என்று கேட்கலாம். அவை இல்லாமலும் முடியும் என்பதற்குச் சான்று மேற்கு வங்கத்தின் துர்காபூரில் இருக்கிறது. குஷல் தாஸ் 2004இல் தொடங்கிய துர்காபூர் லினக்ஸ் பயனர் குழு, 2008 முதல் கோடைப் பயிற்சி நடத்திவந்தது. கட்டணம் இல்லை, உதவித்தொகையும் இல்லை. வகுப்புகள் ஐ.ஆர்.சி. என்னும் எழுத்து அரட்டையில் நடந்தன. மெதுவான இணைய இணைப்பு உள்ள சிற்றூர் மாணவருக்கும் எழுத்து போய்ச் சேரும், காணொலி சேராது. கேள்வி இருப்பவர் ஓர் ஆச்சரியக்குறியை மட்டும் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், முறை வரும்போது கேட்கலாம். பலர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் தயங்குகிறவருக்கும் பேச வாய்ப்புத் தருவது இந்தச் சின்ன விதி. தொடக்க வகுப்புகளில் நிரலாக்கத்துக்கு முன், எப்படிக் கடிதம் எழுதுவது, எப்படிக் கேள்வி கேட்பது என்பவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். ரேமண்ட் கையேடாக எழுதி வாசலில் மாட்டியதை, துர்காபூர்க்காரர்கள் உட்கார்ந்து கற்றுத்தந்தார்கள். தமிழில் 2012 முதல் கணியம் மின்னிதழ் லினக்ஸையும் நிரலாக்கத்தையும் தாய்மொழியில் விளக்கிவருவதும் இதே வகை உழைப்புதான். ஆங்கிலத் தயக்கம் திறமைக் குறைவாகத் தோற்றமளிக்கும் ஆபத்தை அது குறைக்கிறது.

அமெரிக்காவில் 2009இல் ஆஷீஷ் லரோயாவும் நண்பர்களும் தொடங்கிய ஓப்பன்ஹேட்ச், பல திட்டங்களில் சிதறிக்கிடந்த எளிய வழுக்களை ஒரே இடத்தில் திரட்டியது. பிறகு கல்லூரிகளுக்கே சென்று ஒருநாள் பயிலரங்குகள் நடத்தியது. காலையில் கருவிகளைக் கற்று, மாலையில் மாணவர்கள் உண்மையான ஒரு திட்டத்துக்குப் பங்களிக்க முயல்வார்கள், பக்கத்தில் தன்னார்வலர்கள் இருப்பார்கள். 2011இல் லரோயாவும் ஜெசிக்கா மெக்கெல்லரும் மற்றவர்களும் பாஸ்டன் நகரில் பெண்களுக்கான பைத்தான் பயிலரங்குகளைத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை மாலை முழுவதையும் கணினியில் பைத்தானை நிறுவுவதற்கே ஒதுக்கினார்கள். புதியவர்கள் மனமுடைந்து திரும்பும் இடம் பெரும்பாலும் அதுதான் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். சனிக்கிழமை வகுப்பு. அதோடு முடிக்காமல், வந்தவர்களை நகரின் பைத்தான் பயனர் குழுவின் வழக்கமான கூட்டங்களுக்கும் அழைத்துச் சென்றார்கள். அந்தக் குழுவின் கூட்டங்களில் இரண்டு சதவீதத்துக்கு மேல் போகாத பெண்களின் பங்கு, 15 சதவீத அளவுக்கு உயர்ந்ததாக அமைப்பாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஓப்பன்ஹேட்ச் இன்று இயங்கவில்லை. தன்னார்வ அமைப்புகளை நடத்துபவர்களின் சுமையைப் பகிர ஆள் சேர்ப்பதும் ஓயாத வேலை என்பதை அதன் முடிவு நினைவூட்டுகிறது.

மறுப்புகளும் விடைகளும்

இந்த வாதத்துக்கு நான்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு, தடைகள் நல்லவை என்பது. முட்டி மோதி உள்ளே வருபவரே உறுதியானவர், கைபிடித்து அழைத்து வந்தவர் தரத்தைக் குறைப்பார் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். தடை எதை வடிகட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பிரேசில் ஆய்வாளர் இகோர் ஸ்டைன்மாக்கரும் அவருடைய குழுவினரும் புதியவர்கள் எதிர்கொள்ளும் தடைகளில் 58ஐ அடையாளம் கண்டு வகைப்படுத்தினார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமை, பழசாகிப்போன ஆவணங்கள், மூலநிரலைத் தன் கணினியில் இயக்கவே முடியாத சிக்கல், பதில் வராமை, கடுஞ்சொல் போன்றவை அந்தப் பட்டியலில் நிறைந்திருக்கின்றன. இவற்றைக் கடக்க அறிவைவிட ஓய்வு நேரமும், நல்ல கணினியும், ஆங்கிலமும், தெரிந்த நண்பர் ஒருவரும் கூடுதலாக உதவும். அதாவது இந்தத் தடைகள் வசதியை வடிகட்டுகின்றன. தரத்தைக் காக்க நிரல் மதிப்பாய்வு என்ற கருவி இருக்கிறது, அதை எவரும் தளர்த்தச் சொல்லவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. தாமதமாகிவிட்ட திட்டத்தில் ஆளைக் கூட்டினால் தாமதம் கூடும் என்று பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதினார். புதியவருக்குக் கற்றுத்தர மூத்தவரின் நேரம் செலவாகிறது, ஆட்கள் கூடக்கூடப் பேச்சுவார்த்தை பெருகுகிறது. இந்தச் செலவு உண்மை, அதை மறைப்பது வழிகாட்டிகளுக்குச் செய்யும் அநீதி. ஆனால் புரூக்ஸ் பேசியது கெடு நெருங்கிய திட்டங்களைப் பற்றி. கட்டற்ற மென்பொருள்கள் பல பத்தாண்டுகள் வாழ்பவை, அவற்றில் கற்றுத்தரும் செலவு ஒருமுறை, பயன் பல ஆண்டு. செலவைக் குறைக்கவும் வழிகள் உண்டு. 2008 இறுதியில் வெளிவந்த 2.6.28ஆம் பதிப்பில், லினக்ஸ் கருநிரல் இன்னும் தரம் எட்டாத வன்பொருள் இயக்கிகளுக்கென்று தனிப் பகுதி ஒன்றை ஏற்படுத்தியது. கிரெக் குரோவா-ஹார்ட்மன் பொறுப்பேற்ற அந்தப் பகுதியில் துப்புரவு வேலை ஏராளம், தவறு நேர்ந்தாலும் பாதிப்பு குறைவு. திட்டத்துக்குத் தேவையான வேலையும் புதியவருக்குத் தேவையான பயிற்சியும் அங்கே ஒன்றாயின.

மூன்றாவது மறுப்பு, பயிற்சி பெற்றவர்களில் பலர் தங்குவதில்லை என்பது. கூகுளின் கோடைத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் இதை உறுதிசெய்திருக்கிறார்கள், உதவித்தொகை நின்றதும் நிரல் அனுப்புவதை நிறுத்துவோர் கணிசம். அண்மை ஆண்டுகளில் அத்திட்டத்தில் மிகுதியாகப் பங்கேற்பவர்கள் இந்திய மாணவர்கள் என்பதால் இது நம்மையும் சேர்த்துத்தான். மூன்று மாதம் பயிற்சி தந்துவிட்டுப் பிறகு திரும்பிப் பாராத திட்டங்கள் இந்தக் குற்றச்சாட்டை ஏற்கத்தான் வேண்டும். பாஸ்டனில் செய்ததுபோல் பயிலரங்குக்குப் பின் உட்கார ஓர் இடம் தருவதே அதற்கு மருந்து. அதே வேளை, வழிகாட்டல் பெறாமல் வந்தவர்களும் எப்போதும் தங்கியதில்லை. வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஆர்வம் வேறு பக்கம் திரும்பும். தன்னார்வலர்களால் நடக்கும் எந்த அமைப்பிலும் வெளியேற்றம் நிரந்தரம். ஆகவே வரவுக்கான ஏற்பாடும் நிரந்தரமாக இருந்தாக வேண்டும்.

நான்காவது, பெண்களுக்கெனத் தனி இடம் நியாயமா என்ற கேள்வி. 2006இல் எவருடைய இடமும் பறிக்கப்படவில்லை. 181 பேர் போட்டியிட்ட கூகுள் இடங்கள் அப்படியே இருக்க, புதிதாக ஆறு இடங்கள் சேர்ந்தன. அவுட்ரீச்சி ஆனபின், கணினித் துறையில் குறைவாக இடம்பெற்ற வேறு பிரிவினருக்கும் அது தன் வாசலை விரித்தது. பொதுவான அழைப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை என்று எண்களே காட்டிய பிறகு, கேட்காதவர்களுக்குக் கேட்கும்படி அழைப்பதை நியாயக் கேடு என்று சொல்ல முடியாது.

டெபியனின் விண்ணப்ப மேலாளர், மரினாவின் வழிகாட்டி, மொசில்லாவின் பெயரிட்ட வழுக்கள், துர்காபூரின் ஆச்சரியக்குறி, பாஸ்டனின் வெள்ளிக்கிழமை மாலை என எல்லாவற்றிலும் பொதுவாக உள்ளது ஒன்றுதான். உதவ விரும்பும் மனம் எல்லாத் திட்டங்களிலும் இருந்தது. அந்த மனத்துக்கு ஒரு நேரமும் ஒரு பொறுப்பாளரும் ஒரு முறையும் கொடுத்த இடங்களில் மட்டுமே அது புதியவர்களைச் சென்றடைந்தது. இன்று ஒரு கல்லூரியிலோ ஊரிலோ கட்டற்ற மென்பொருள் குழு தொடங்க எண்ணுபவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த நிரல்மொழியைக் கற்பிப்பது என்பதை அல்ல. முதல் கேள்வியோடு வருகிறவருக்கு இரண்டு நாளுக்குள் பதில் சொல்லப்போவது யார், அவரால் முடியாதபோது அந்த இடத்தில் நிற்கப்போவது யார் என்று இரண்டு பெயர்களை எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

புதியவர்களைக் கவனிக்கும் மூத்தவர்களை யார் கவனிப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. க்னோம் அறக்கட்டளை செலவுகளை நிறுத்திய அதே 2014 ஏப்ரலில், இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நிரலைப் பராமரித்தவர்கள் எத்தனை குறைவான பேர் என்று உலகம் அறிந்து திகைத்தது. அடுத்த பகுதியில் அந்தக் கதையைப் பார்ப்போம்.